ஃப்ளோரிடால சால்வேஜ் காருக்கு ரீபில்ட் டைட்டில் வாங்கின கதை

இன்சூரன்ஸ்ல டோட்டல் லாஸ்னு (சரிபண்றது கட்டுப்படியாகாதுன்னு) ஒதுக்கின ஒரு செடானை, அதாவது சால்வேஜ் காரை, ஏலத்துல எடுத்து சரிபண்ணி, போன மாசம் ரீபில்ட் டைட்டில், அதாவது சரிபண்ணின வண்டின்னு குறிச்ச உரிமைப் பத்திரம், கைக்கு வந்துச்சு. எடுக்க நினைக்கிறவங்களுக்காக எழுதறேன். இது ஃப்ளோரிடா ரூல், ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், இங்க இன்சூரன்ஸ் இல்லாத வண்டின்னா ரிப்பேர் செலவு அதே மாதிரி இன்னொரு வண்டி வாங்கற செலவுல 80 சதவீதத்தை தொட்டாலே டோட்டல் லாஸ், டெக்சாஸ்ல வண்டியோட மதிப்பையே தாண்டினாதான் சால்வேஜ்.

ஏலம் கேக்கறதுக்கு முன்னாடியே டைட்டிலைப் பாத்துடுங்க. சர்டிபிகேட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்னு இருந்தா அதை பார்ட்ஸுக்கு கழட்டலாம், திரும்ப ரோட்டுக்கு கொண்டுவரவே முடியாது.

அடுத்து போட்டோ. ஸ்பேனரை தொடறதுக்கு முன்னாடி அடிபட்ட நிலையிலயே எல்லா பக்கமும் எடுத்துக்கணும், டைட்டில் தர்றதுக்கு முன்னாடி நடக்கற இன்ஸ்பெக்‌ஷன்ல கேப்பாங்க. அதோட சால்வேஜ் டைட்டில், பில்டர் ஸ்டேட்மென்ட் (சரிபண்ணினவர் எழுதிக் குடுக்கற அறிக்கை), மாத்தின பார்ட்ஸுக்கெல்லாம் பில். என் வண்டிக்கு பானெட், ஃபெண்டர், வலது பக்க கதவு மூணும் பழசுதான், அதுல கதவு வாங்கின பழைய பார்ட்ஸ் யார்டுல பில்லுல வெறும் "டோர், யூஸ்டு"ன்னு மட்டும் எழுதி குடுத்துட்டாங்க, அந்த கதவு எந்த வண்டிலேர்ந்து வந்துச்சோ அதோட வின் நம்பர் (ஒவ்வொரு வண்டிக்கும் தனியா இருக்கற அடையாள எண்) இல்லை, அதனால அன்னிக்கு பாஸ் பண்ணலை, திரும்ப யார்டுக்குப் போய் நம்பர் போட்டு புது பில் வாங்கிட்டு வர வேண்டியதா போச்சு. ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாத வண்டிங்கறதால ஒவ்வொரு தடவையும் டோ செலவு வேற!

இன்ஸ்பெக்டர் டார்ச் அடிச்சு விண்ட்ஷீல்டு ஓரத்துல இருக்கற வின் பிளேட்டைப் பாத்தார், அப்புறம் கதவு ஓரத்து ஸ்டிக்கர், அப்புறம் ஒவ்வொரு பார்ட்டுக்கும் பில்லை எடுத்து ஒப்பிட்டார். பிரேக்கை யாரும் தொடலை. ஏன்னா இது திருட்டு பார்ட்ஸ் பிடிக்கறதுக்கான செக், வண்டி பத்திரமா ஓடுமான்னு பாக்கற செக் இல்லை. இது தெரியாம ஸ்டேட்டே பாஸ் பண்ணிடுச்சுன்னு நம்பி குழந்தைங்களை ஏத்திட்டுப் போறவங்களை நினைச்சா எனக்கு உண்மையிலயே பயமா இருக்கு. ஏர்பேக், அலைன்மென்ட், ஃப்ரேம் மூணையும் தனியா காசு குடுத்து செக் பண்ணிடுங்க.

பாஸ் ஆனதும் டிரைவர் பக்க கதவைத் திறந்தா தெரியற இடத்துல ரீபில்ட் ஸ்டிக்கர் ஒட்டினாங்க. ரீபில்ட்ங்கறதை மறைக்க அதை உரிச்சா இங்க ஃபெலனி, அதாவது கடுமையான குற்றம், விக்கும்போது வாங்கறவங்ககிட்ட ரீபில்ட்னு எழுத்துல சொல்லணும். இது ரொம்ப சரியான சட்டம்னுதான் சொல்வேன். வேற ஸ்டேட்டுக்கு மாத்தி டைட்டில்ல இருக்கற முத்திரையை மறைச்சு விக்கறவங்க இருக்காங்க, அதனால பழைய கார் வாங்கற யாரா இருந்தாலும் என்எம்விடிஐஎஸ்னு (NMVTIS) அமெரிக்கா முழுக்க வண்டிகளோட டைட்டில் விவரம் வெச்சிருக்கற டேட்டாபேஸ்லேர்ந்து ரிப்போர்ட் ஒண்ணு எடுத்துப் பாருங்க, 2009லேர்ந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளும் சால்வேஜ் யார்டுகளும் அதுல தகவல் குடுத்தே ஆகணும்.

இன்சூரன்ஸும் ஏலத்துக்கு முன்னாடியே கேட்டு வைங்க, சில கம்பெனில ரீபில்ட் டைட்டிலுக்கு லயபிலிட்டி (நம்மால மத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கான கவர்) மட்டும்தான் தருவாங்க.