டியூபைத் தூக்கிப் பார்த்தியா?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரத்தம் என்றால் எனக்கு இயந்திரம் தரும் எண்கள்தான். ஒருநாள் ஒரு நோயாளியின் பொட்டாசியம் 7.4 என்று வந்தது. இயல்பு அளவு ஏறக்குறைய 3.5 முதல் 5 வரை. இவ்வளவு ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். பதறிப்போய் வார்டுக்குப் போன் செய்யக் கையை நீட்டினேன். பக்கத்து மேசை அக்கா, "டியூபைத் தூக்கிப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார்.

பார்த்தேன். சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் திரவம், வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டியது; இளஞ்சிவப்பாக இருந்தது. மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலோ டியூபை ஓங்கிக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்துவிடும். அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே இருப்பதைப்போல 20 மடங்குக்கும் மேல். அது அத்தனையும் சீரத்தில் கலந்துவிடுகிறது. உடம்புக்குள்ளேயே அணுக்கள் உடையும் நோய்களும் உண்டு என்பதால் புதிதாக இன்னொரு சாம்பிள் கேட்டோம். அதில் 4.2 வந்தது. முதல் எண்ணை நம்பி அவருக்கு மருந்து ஏற்றியிருந்தால்? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன்பிறகு எந்த டியூபையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் இயந்திரத்தில் வைத்ததில்லை. உறையாத ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால் மேலே பாதிக்குச் சற்று அதிகமாகப் பிளாஸ்மா என்ற திரவம் நிற்கும். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதியில் புரதங்கள், உப்புகள், சர்க்கரை. நடுவே நூல்போல ஒரு வெள்ளைக் கோடு. உடம்பைக் காக்கும் வெள்ளணுக்களும் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் அந்தக் கோட்டுக்குள்தான். அடியில் சுமார் 45 சதவீதம் சிவப்பணுக்கள்.

அந்த அடித்தட்டுமேல் எனக்குத் தனிப் பிரியம். சிவப்பணு எலும்பு மஜ்ஜையை விட்டுக் கிளம்பும் முன்பே தன் உட்கருவை வெளியேற்றிவிடுகிறது. ஆக்சிஜனை எரித்து ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் இழந்துவிடுகிறது. அதனால், சுமந்துபோகும் ஆக்சிஜனில் ஒரு துளியைக்கூட அது தனக்கென்று எரிப்பதில்லை. சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்துப் பிழைத்துக்கொள்கிறது. காலியான இடமெல்லாம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு. ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள். ஏழெட்டு மைக்ரோமீட்டர் அகலமுள்ள அந்தக் குழிந்த தட்டு, தன்னைவிடக் குறுகிய நுண்குழாய்களிலும் உடம்பை வளைத்து நுழைந்துவிடும். சுமார் 120 நாள் இப்படி ஓடித் தேய்ந்தபின் மண்ணீரலும் கல்லீரலும் அதை எடுத்துக்கொள்கின்றன. அதன் இரும்பு மஜ்ஜைக்குத் திரும்பிப் புது அணுவுக்குள் போகிறது.

இரும்புச்சத்துக் குறைந்தவரின் ரத்தத்தை ஸ்லைடில் பூசிப் பார்த்தால் அணுக்கள் சிறுத்து, நடுவில் வெளிறி, விளிம்பு மட்டும் சிவந்த வளையங்களாகத் தெரியும். போன வாரம் அப்படி ஒருவருக்கு ரத்தம் ஏற்றிய மறுநாள் ஸ்லைடு வந்தது. வெளிறிய வளையங்களுக்கு நடுவே, நிறம் நிறைந்த முழு வட்டங்கள் கலந்து கிடந்தன. யாரோ முகம் தெரியாத ஒருவருடைய அணுக்கள். எண்ணி முடித்தபிறகும் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை.