கையை எங்கே வைப்பது?

நடிப்புப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. மேடையில் மூன்று நாடகம், ஒரு குறும்படம், என் கணக்கு இவ்வளவுதான். இதற்குள்ளேயே புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் “அக்கா, எப்படி ஆரம்பிக்கிறது” என்று கேட்கிறார்கள். எனக்கு உருப்படியாகச் சொல்லத் தெரிந்தது ஒரே விஷயம், அது கையைப் பற்றியது.

முதல் நாள் வகுப்பில் வெறும் தரையில் ஐந்து நிமிடம் சும்மா நிற்கச் சொன்னார்கள், அவ்வளவுதான், வசனம் கிடையாது, பாத்திரம் கிடையாது, எதிரே பத்துப் பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். இருபத்தாறு வருடமாக என் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு கைகளும் அன்றைக்குத்தான் முதல்முதலாக எனக்குத் தொந்தரவாக ஆயின. துப்பட்டாவை இழுத்துவிட்டேன், முடியை ஒதுக்கினேன், கையைப் பின்னால் கட்டினேன், அது பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கினவள் மாதிரி இருக்கவே திரும்ப முன்னால் கொண்டுவந்தேன். ஐந்து நிமிடம் முடிந்ததும் எங்கள் பயிற்சியாளர் (எல்லோருக்கும் அவர் அண்ணா) சொன்னது ஒரே வார்த்தை: “சரி, உட்காரும்மா.”

நான் கிண்டியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். ந. முத்துசாமி 1977ல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் விஜய் சேதுபதி முதலில் கணக்காளராகத்தான் வேலை பார்த்தார் என்று படித்ததிலிருந்து, கணக்கு எழுதுகிற எல்லோருக்கும் ஒரு வழி இருக்கிறது என்று ரகசியமாக நம்பிக்கொண்டிருந்தேன். அங்கே நடிகர்கள் எத்தனை வருடம் உடம்பைப் பழக்கினார்கள் என்ற பகுதியைச் சௌகரியமாக மறந்துவிட்டேன்.

எங்கள் இரண்டாவது நாடகத்தில் எனக்கு ஒரு நெசவாளியின் மகள் வேடம். தறியை விற்க அப்பா முடிவு செய்துவிட்டார், வாங்குகிறவர் வாசலில் நிற்கிறார், மகளுக்குப் பதினோரு வசனம். முதல் ஒத்திகையிலேயே நான் அழுதுவிட்டேன். நிஜக் கண்ணீர். கிளிசரின் இல்லாமல் வந்த கண்ணீராயிற்றே என்று உள்ளுக்குள் பெருமை வேறு. அண்ணா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “யாரும்மா செத்தது?” என்று கேட்டார்.

அப்புறம்தான் தொல்காப்பியத்தை எடுத்தார். உள்ளே இருக்கிற உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. பள்ளியில் மெய்ப்பாடு எட்டு என்று மனப்பாடம் செய்திருக்கிறேன், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை, இரண்டு மதிப்பெண் கேள்வி. அந்த எட்டில் ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நந்நான்கு காரணம் சொல்லியிருப்பது மட்டும் ஏனோ மனதில் நிற்கவே இல்லை. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. ஒருவர் நம்மை இழிவாக நடத்துவதால் வருகிற அழுகை ஒன்று, இருந்ததைப் பறிகொடுத்து வருவது ஒன்று, நன்றாக இருந்த நிலைமை தளர்ந்து போனதால் வருவது ஒன்று, இல்லாமையால் வருவது ஒன்று. நான் அழுதது இழவு அழுகை. காட்சிக்கு வேண்டியது அசைவு. ஊரே தேடி வந்து சேலை வாங்கிய வீடு இது, இப்போது வாசலில் ஒருவன் தறிக்கு விலை பேசுகிறான். அவன் காதில் விழும்படி அந்த வீட்டுப் பெண் அழுவாளா? அழமாட்டாள். வாயை இறுக்கிக்கொண்டு ஏதாவது வேலை செய்வாள்.

“என்ன வேலை செய்வா? போய்ப் பாத்துட்டு வா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். பிள்ளையார்பாளையத்தில் தெரிந்தவர் மூலமாக ஒரு வீட்டில் உட்கார இடம் கிடைத்தது. அந்த வீட்டம்மா திண்ணையில் ராட்டையை வைத்துத் தார் சுற்றிக்கொண்டிருந்தார், ஊடைக்கு, அதாவது குறுக்கு இழைக்கு, போகிற பட்டு நூலைச் சின்னத் தார்க்குச்சியில் ஏற்றுகிற வேலை. வலது கை சக்கரத்தைச் சுற்றுகிறது, இடது கையின் இரண்டு விரலுக்கு நடுவே நூல் ஓடுகிறது, குச்சியில் ஒரே பக்கம் குவியாமல் அந்த விரல்கள் நூலை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. கண் நூலைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார், எந்த ஊரு, கல்யாணம் ஆச்சா, நாடகத்துக்கு எவ்வளவு தருவாங்க. நடுவில் நூல் அறுந்தது. நான் பார்த்தேன், அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. சக்கரம் நின்றது, இரண்டு முனையையும் சேர்த்து ஒரு திருகு, முடிச்சு விழுந்துவிட்டது, பேச்சு நிற்கவில்லை. விட்ட வாக்கியத்தை அதே குரலில் முடித்துவிட்டு, காபி குடிக்கிறியா என்று கேட்டார்.

அந்த ஒரு முடிச்சுக்காக மூன்று வாரம் பட்டேன். ஒரு பழைய ராட்டை கிடைத்தது, பட்டு வாங்கக் கட்டுப்படியாகாது என்று பருத்தி நூல். கை வேலையைப் பழகினால் வசனம் போகும், வசனத்தைப் பிடித்தால் நூல் சிக்கும். கடைசியில் வசனத்தை நான் மனப்பாடம் செய்த விதத்தில்தான் கோளாறு என்று தெரிந்தது. புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது: கண்ணாடி முன்னால் நின்று உணர்ச்சியோடு சொல்லிச் சொல்லியே மனப்பாடம் செய்வோம், சொல்லோடு சேர்ந்து ஒரு ராகமும் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு எதிராளி மெதுவாகக் கேட்டாலும் கத்திக் கேட்டாலும் நம் வாயிலிருந்து அதே ராகம்தான் வரும். இப்போது நான் வசனத்தை ரேஷன் கடைப் பட்டியல் வாசிக்கிற மாதிரி தட்டையாக, பாத்திரம் தேய்த்துக்கொண்டே மனப்பாடம் செய்கிறேன். எதிராளியின் வசனத்தையும் சேர்த்துப் படிப்பேன். அம்மா முதலில் பயந்துவிட்டாள், “ஏண்டி, ஆபீஸ்ல ஏதாவது பிரச்சனையா?”

ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் கடைசிக் காலத்தில், உணர்ச்சியை நேரடியாகத் தோண்டி எடுப்பதைவிட உடம்பு செய்கிற சின்னச் சின்னச் செயல்கள் வழியாக அதை வரவைப்பதில்தான் அதிகம் நம்பிக்கை வைத்தார். அவர் பெயரைச் சொன்னால் வகுப்பில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். காஞ்சிபுரத்தம்மாவைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

நாடகத்தின் முதல் நாள், ஐந்தாவது வசனத்தில் நூல் நிஜமாகவே அறுந்தது. நான் திட்டமிடவில்லை. சக்கரத்தை நிறுத்தி முனையைத் தேடினேன், விரல் வியர்த்திருந்ததால் முதல் தடவை முடிச்சு விழவில்லை, இரண்டாவது தடவை விழுந்தது, அதுவரை அரங்கத்தில் சத்தமே இல்லை. அப்புறம் “எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்கப்பா” என்ற வசனத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. முடிந்ததும் இரண்டு மூன்று பேர் வந்து அந்த இடத்தைத்தான் சொன்னார்கள்.

இதோடு நிறுத்தினால் கதை நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் அதே வசனத்தில் நானே நூலை அறுத்தேன், வேண்டுமென்றே. படு கேவலமாக இருந்தது. நூல் அறுவதற்கு முன்னாலேயே என் முகம் அறுந்துவிட்டது என்றார் அண்ணா.

கேமரா முன்னால் போனால் கை வேறு விதமாகப் படுத்துகிறது. குறும்படத்தில் ஒரு காட்சி, டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு “நான் வரலை” என்று சொல்ல வேண்டும். காட்சி முழுவதையும் தூரத்திலிருந்து எடுக்கிற மாஸ்டர் ஷாட்டில் வலது கையால் எடுத்து, குடித்து, வைத்துவிட்டுச் சொன்னேன். க்ளோசப்பில் இடது கை, அதுவும் கையில் டம்ளர் இருக்கும்போதே. இரண்டையும் ஒட்டவே முடியாது. உதவி இயக்குநர் பாவம், திருப்பித் திருப்பி எடுத்தார், நானும் ஏழு டேக்கில் ஏழு விதமாகச் செய்தேன், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்ற நினைப்பு. எந்தச் சொல்லில் டம்ளர் மேலே போகிறது, எந்தச் சொல்லில் கீழே வருகிறது என்று எல்லா டேக்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது வசனத் தாளில் சொல்லுக்கு மேலேயே பென்சிலால் ‘வலது எடு’, ‘வை’ என்று குறித்துவிடுகிறேன். கணக்கு எழுதுகிறவளுக்கு இது சுலபம், சந்தோஷமான வேலையும்கூட. டப்பிங்கில் இன்னொரு கூத்து. இருட்டறையில் திரையில் என் வாயையே பார்த்துக்கொண்டு பேசும்போது குரல் ஒட்டவே இல்லை, கையில் தண்ணீர் டம்ளர் ஒன்றைக் கொடுத்த பிறகுதான் மூச்சு சரியான இடத்தில் விழுந்தது.

நடுவில் ஒருவர் போன் செய்து, போட்டோ ஆல்பம் போட முப்பதாயிரம் கட்டினால் பெரிய படத்தில் தங்கச்சி வேடம் உறுதி என்றார். அட்வான்ஸாக ஐந்தாயிரம் அனுப்பித் தொலைத்தேன், நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. வாய்ப்பு தருகிறவர் நம்மிடம் காசு கேட்டால் போனை வைத்துவிடுங்கள், அதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை.

போன வாரம் ஒரு ஆடிஷனுக்கு வீட்டிலேயே வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். வெற்றுச் சுவர், போன் கண் உயரத்தில், முதலில் பெயரும் உயரமும் சொல்லி இரண்டு பக்கமும் திரும்பிக் காட்ட வேண்டும், பிறகு காட்சி. நெஞ்சுக்கு மேலேதான் சட்டகம், கையில் எந்தப் பொருளும் தெரியக் கூடாது என்று தனியாக எழுதியிருந்தார்கள். தம்பி போனுக்குப் பக்கத்தில் நின்று எதிராளி வசனத்தை வாசித்தான், நியூஸ் வாசிக்கிற மாதிரி. முதல் மூன்று தடவையும் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி நின்றன, பார்க்கவே சகிக்கவில்லை. உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து தார்க்குச்சியையும் கொஞ்சம் நூலையும் எடுத்து வந்தேன். சட்டகத்துக்குக் கீழே, மடியில் வைத்துக்கொண்டு, கையாலேயே சுற்ற ஆரம்பித்தேன். “அக்கா, நீ என்ன பண்றே?” என்றான் தம்பி. நீ வாசிடா என்றேன்.

நான்காவதை அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.