பனங்கட்டித் துண்டின் சுவை

எங்கள் பழைய மாணவர் சங்க மலர்க் குழுவிலிருந்து மூன்று தடவை தொலைபேசி எடுத்துவிட்டார்கள். எங்களுக்குத் தமிழ் படிப்பித்த பண்டிதரைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் ஒரு அமெரிக்க ராப் பாடகர்தான் முதலில் வந்து நிற்கிறார். மாலிக் டெய்லர் என்பது சொந்தப் பெயர். உலகம் அவரை ஃபைஃப் டோக் என்று அறியும். நீரிழிவால் வந்த பாதிப்புகளோடு 2016 மார்ச் 22இல் இறந்தார். வயது 45. 2026 மார்ச்சோடு பத்து வருடம். அவரைக் கடந்துதான் நான் பண்டிதரிடம் போக முடியும்.

1993இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலேரியால் இரவு வள்ளம் ஏறி, கொழும்பில் நாலு மாதம் இருந்து, மாமாவின் தயவில் நியூயோர்க் குயீன்ஸுக்கு வந்து சேர்ந்தேன். பலசரக்குக் கடையொன்றின் பின்கட்டில் பெட்டி அடுக்கும் வேலை. கூட வேலை செய்த பெடியன் ஒருவனுடைய தாய் தகப்பன் ட்ரினிடாட்டிலிருந்து வந்தவர்கள். நவம்பர் குளிரில் அவன் ஒரு கசற்றைப் போட்டான். ஃபைஃப் பாடிய எ ட்ரைப் கோல்ட் குவெஸ்ட் குழுவின் மூன்றாவது அல்பம், அந்த மாதம்தான் வெளியாகியிருந்தது. "இந்தக் குரல் எங்கட ஆள். இங்க பக்கத்தில செயின்ற் ஓல்பன்ஸ்தான் ஊர். தாய் ட்ரினிடாட்டில பிறந்த கவிஞர்" என்றான். பிறகு ஒரு இடத்தில் கசற்றை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி போட்டான். "கேட்டியா? தனக்கு டயபிற்றிஸ் எண்டு பாட்டிலயே சொல்லுறான்."

எனக்கு அப்போது அந்த ஆங்கிலம் பாதிகூட விளங்கவில்லை. ஆனால் காது ஒன்றைப் பிடித்துக்கொண்டது. ஓசை வரியின் கடைசியில் மட்டும் ஒத்துப்போய் நிற்கவில்லை. நடுவில் ஒன்று தட்டி, அடுத்த வரியின் தொடக்கத்தில் இன்னொன்று தட்டி, தாளம் விழும் இடத்தில் சொல் வந்து விழுந்தது. "இயைபு கடைசியில வரும். எதுகை இரண்டாம் எழுத்தில வரும். ரெண்டையும் காதால பிடியுங்கோ, கண்ணால தேடாதேங்கோ." இரண்டாம் பாடவேளை, வேப்பமரப் பக்கத்து வகுப்பு, பண்டிதரின் குரல். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

ட்ரைப் குழுவின் முதல் அல்பம் 1990 ஏப்ரலில் வந்தது. ஃபைஃப் அதில் சில பாட்டுகளில்தான் இருக்கிறார். ஸ்ரூடியோவுக்குப் போவதைவிடக் கூட்டாளிகளோடு திரிவதில் ஆசைப்பட்ட வயது. அதே வருடம், 19 வயதில், நீரிழிவு என்று தெரியவந்தது. அடுத்த அல்பம் 'த லோ எண்ட் தியரி', 1991 செப்டம்பர். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு வாசித்த ரொன் கார்ட்டர் ஒரு பாட்டுக்கு டபுள் பேஸ் வாத்தியம் வாசித்திருக்கிறார். அந்த அல்பத்தில் ஃபைஃப் வேறு ஆள். குழுவின் மற்றப் பாடகர் கியூ-ரிப் மெதுவாக, நெய் வழிகிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போவார். ஃபைஃப் உயர்ந்த, கரகரத்த குரலோடு குறுக்கே பாய்வார். ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்லும் அந்த முறையை முதல்தரம் கேட்டபோது, பண்டிதர் ஒரு அடி சொல்லி நாங்கள் அடுத்த அடி சொன்ன காலைகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

அதே 1990இல் எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. கரண்ட் போனது. சீனி கிடைக்காமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். இனி எழுதப்போவது இத்தனை வருடம் ஒருவருக்கும் சொல்லாத விஷயம்.

பண்டிதர் வெண்பாவைச் சீர் சீராக, அசை பிரித்து அலகிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நடுவில் நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை. சோக்குக்கட்டி கையிலிருந்து விழுந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி, சேட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டார். வகுப்பு அமைதியாக இருந்தது. கடைசி வாங்கிலிருந்து நான்தான் சத்தமாகச் சொன்னேன்: "பனங்கட்டியை ஒளிச்சுத் தின்னாமல் எங்களுக்கும் ஒரு துண்டு தாங்கோ சேர்!" வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவர் திரும்பவில்லை. சுவரில் கை ஊன்றியபடி மணி அடிக்கும்வரை நின்றார்.

அடி விழும் என்று அடுத்த நாள் முழுக்கப் பயந்திருந்தேன். அடிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு சைக்கிளோடு கூடவரச் சொன்னார். அவருடைய வீட்டுக் குசினி மூலையில், ஈர மணலுக்குள் கழுத்தளவு புதைத்த ஒரு மண்முட்டி. வாயில் ஈரச் சாக்கு. உள்ளே கொஞ்சம் தண்ணீர், அதற்குள் பொலித்தீனில் சுற்றிய ஒரு சின்னப் போத்தல். இன்சுலின். "பிறிட்ஜ் இல்லை, அதுக்கு இதுதான் வழி. ஊசி போட்டிட்டுச் சாப்பாடு பிந்தினால் ரத்தத்தில சீனி விழும். கை நடுங்கும், நா குழறும். நேற்று எனக்குத் தளை தட்டிப்போச்சுத் தம்பி" என்றார். வெண்பாவில் ஒரு சீர் அடுத்த சீரோடு பொருந்தாமல் போவதைத்தான் தளை தட்டுவது என்போம். அவ்வளவுதான். பிறகு தண்டனையாக ஒரு வெண்பாவின் ஈற்றடி, கடைசி அடி, தந்தார்: பனங்கட்டித் துண்டின் சுவை. மேலே மூன்று அடியையும் நான் எழுதி வரவேண்டும். "அலகிட்டுப் பார். சீர் வாய்பாடு புளிமாங்காய், தேமா, மலர். சரியா நிக்குது. நீ பிழை விடாமல் வந்து சேர்."

இன்று எழுதுவேன், நாளை எழுதுவேன் என்றிருந்தேன். அவரும் கேட்கவில்லை. நாங்கள் வெளிக்கிட்ட செய்தி வெளியே போகக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்ததால் அவரிடம் விடைபெறவும் இல்லை. அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு நிமிடம் போய்வந்திருக்கலாம். அவருடைய வீடு எங்கள் ஒழுங்கையிலிருந்து மூன்று நிமிடம்.

பின்னாளில் நான், சிறுநீரகம் பழுதானவர்களின் குருதியை மெஷினால் சுத்திகரிக்கும் டயலிசிஸ் ரெக்னீசியனாகப் படித்தேன். குருதிச் சீனி தாழ்வதன் அறிகுறிகளைப் புத்தகத்தில் வாசித்த அன்று, வகுப்பிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டேன். வேர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல். எல்லாம் கரும்பலகைக்கு முன்னால் நான் ஏற்கெனவே பார்த்தவை.

ஃபைஃப்பின் கதையிலும் அதே நோய் தொடர்ந்து வந்தது. 1998இல் ஐந்தாவது அல்பத்தோடு குழு பிரிந்தது. 2000இல் தனியாக ஒரு அல்பம் செய்தார். சிறுநீரகங்கள் பழுதாகின. 2008இல் மனைவி தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். 2012 அளவில் அவர் பெயர் மறுபடி மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வாரத்துக்கு மூன்று நாள், மூன்று நாலு மணித்தியாலம் கதிரையில் கிடந்து, எழும்பும்போது கால் தள்ளாடுகிறவர்களை நான்தான் பிடித்து நிறுத்துகிறேன்.

அவருக்கும் கியூ-ரிப்புக்கும் இடையில் ஏற்பட்ட கசப்பு 2011இல் வந்த ஆவணப்படத்தில் உலகமே பார்க்க வெளிவந்தது. சிறு வயதுச் சிநேகிதர்கள். ஆனாலும் 2015 நவம்பர் 13இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் சேர்ந்து பாடினார்கள். அதன்பின் ஃபைஃப் கலிபோர்னியாவிலிருந்து நியூ ஜெர்சியில் உள்ள கியூ-ரிப்பின் வீட்டு ஸ்ரூடியோவுக்கு வந்து வந்து பாடிக்கொடுத்தார். அல்பம் முடியுமுன் உயிர் போய்விட்டது. 2016 நவம்பர் 11இல் அது வெளிவந்து அமெரிக்காவின் பில்போர்ட் அல்பப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. கதவைத் தட்ட அவர்களுக்குக் காலம் இருந்தது, தட்டினார்கள். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

அதே மாதம் லிண்டன் பூலவார்ட்டும் 192ஆம் தெருவும் சந்திக்கும் மூலைக்கு அவர் பெயரை வைத்தார்கள். வேலை முடிந்து ஒருநாள் போய்ப் பார்த்தேன். பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. அதற்குக் கீழே நின்று விரலில் எண்ணினேன்: பனங்-கட்-டித், துண்-டின், சுவை. முதல் அடிக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

பண்டிதர் 1995 ஒக்ரோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் தென்மராட்சிப் பக்கம் போய், அடுத்த வருடம் காலமானார் என்று ஒரு கடிதத்தில் இரண்டு வரி வந்தது. அந்த இரவு மழையில், நெரிசலில், அவரோடு நடந்தவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். முட்டியைத் தூக்க முடிந்ததா? போத்தலை யார் கொண்டுபோனது? பையில் பனங்கட்டி இருந்ததா? தெரிந்தவர்கள் சங்க விலாசத்துக்கு எழுதுங்கள், எனக்குச் சேர்ப்பிப்பார்கள்.