மேல்காற்றும் சரளைப் பாதையும்

மே 17, சனி

சரளைப் பாதைக்கென்று வாங்கிய கிராவல் சைக்கிளுக்கு டயர் மாற்றியாகிவிட்டது. 38 மில்லிமீட்டரைக் கழற்றிவிட்டு 45 போட்டேன். கடைத் தம்பி "இவ்வளவு அகலம் எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டேதான் மாட்டினான். நம்ம ஊர்ச் சரளைக்கு அந்த அகலம் வேண்டும். அதைவிட முக்கியம், ட்யூபை எடுத்துவிட்டு உள்ளே சீலன்ட் ஊற்றி ஓட்டுவது. இங்கே கல்லுக்குப் பயப்பட வேண்டியதில்லை, முள்ளுக்குத்தான் பயப்பட வேண்டும். உடைமுள், சீமைக்கருவேல முள், கோடையில் காய்ந்து கிடக்கும் நெருஞ்சி. சின்னத் துளையை சீலன்ட் தானே அடைத்துவிடும். உடைமுள் முழுசாக இறங்கினால் ஓட்டையில் ரப்பர் திரி திணிக்க வேண்டும். அதையும் இரண்டு வாங்கிப் பையில் போட்டாயிற்று. காற்று 35 பிஎஸ்ஐ. அதற்கு மேல் போனால் சரளையில் கை மரத்துவிடும்.

கிராவல் சைக்கிள் வாங்குகிற எல்லாரும் இத்தாலியின் டஸ்கனி வீடியோ பார்த்துக் கெட்டவர்கள்தான். கியாந்தி மலைச்சரிவு, இருபுறமும் திராட்சைத் தோட்டம், நடுவே வெள்ளைச் சரளைச் சாலை. 1997இல் கையோலே என்ற சிற்றூரில் 'எரோயிக்கா' என்று பழைய சைக்கிள்களுக்கான ஓட்டம் தொடங்கினார்கள். அந்த மண்சாலைகளுக்குத் தார் போட்டு மூடிவிடக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். 2007 முதல் அதே சாலைகளில் தொழில்முறைப் பந்தயமும் நடக்கிறது, சியெனாவில் முடியும். எரோயிக்காவில் இளைப்பாறும் இடங்களில் ரொட்டியோடு ஒயினும் தருவார்கள்.

நமக்குத் திராட்சை பார்க்க வேண்டுமானால் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். நெல்லையில் மலையும் சரளையும் பனையும் உண்டு. எனக்கு அது போதும்.

மே 18, ஞாயிறு

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு. அணை 1958இல் கட்டியது, 118 அடி. கரையோ பார்வைக்கு முடிகிற மாதிரியே தெரியாது. அங்கிருந்து பிரதானக் கால்வாயின் கரையைப் பிடித்தேன். விவசாயிகள் இதை ரீச் கணக்கில்தான், அதாவது பகுதி பகுதியாகத்தான் சொல்வார்கள்: முதல் ரீச், இரண்டாவது ரீச் என்று நாலு. கடைசி ரீச் போய்ச் சேருவது சாத்தான்குளம் வறட்சிப் பக்கம். வருஷத்தில் பாதி நாள் கால்வாய் காய்ந்துதான் கிடக்கும். கரைமேல் செம்மண்ணும் பொடிக்கல்லும், வண்டித்தடம் இரண்டு, நடுவில் புல். ஏற்றமே கிடையாது, கால்வாயாயிற்றே. இடதுபுறம் வயல், வலதுபுறம் மலை. கிராவல் ஓட்டப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பாதை இந்தப் பக்கம் இல்லை என்பேன்.

மாஞ்சோலை ரோட்டைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். சோதனைச் சாவடியில் கேட்டு, அனுமதி இருந்தால் மட்டும் மேலே. மேலே போக முடியாததில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அடிவாரத்தில் ஓட்டித் தீர்க்கவே ஒரு வாழ்நாள் வேண்டும்.

மே 25, ஞாயிறு

கடையம். பாரதியார் 1918 முதல் 1920 வரை குடியிருந்த ஊர், செல்லம்மாவின் ஊர். ராமநதி அணை, அங்கிருந்து மலையை ஒட்டியே சிவசைலம், கடனாநதி அணை, ஆழ்வார்குறிச்சி. இங்கேதான் கொஞ்சமாவது ஏற்ற இறக்கம் வருகிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் பாதையைக் குறுக்கே அறுக்கின்றன. ஒவ்வொரு ஓடையிலும் சட்டென்று இறங்கி உருண்டைக் கல்லில் தடதடத்து, உடனே செங்குத்தாக ஏற வேண்டும். கியர் முன்கூட்டியே மாற்றாவிட்டால் கால் தரையில்தான். முன்னால் 40 பல்லுள்ள ஒற்றைப் பல்சக்கரம், பின்னால் 11 முதல் 42 பல் வரை. சமாளிக்கிறது.

மாந்தோப்புக் காவலுக்கு இருந்த பெரியவர் தடுத்து நிறுத்தினார். "எய்யா, விடியுமுன்ன இந்தப் பக்கம் வராதீரும். கரடி நிக்கும்." சரி தாத்தா என்றேன். அடிவாரத்தில் இது வெறும் பயமுறுத்தல் இல்லை. நன்றாக வெயில் ஏறின பிறகு புறப்படுவதே உத்தமம்.

ஜூன் 1, ஞாயிறு

ஓட்டவில்லை. கல்யாண வீடு.

ஜூன் 8, ஞாயிறு

மேற்கேயிருந்து அடிக்கும் மேல்காற்று பிடித்துவிட்டது. இனி செப்டம்பர் வரை இந்த ஊரில் சைக்கிள் ஓட்டுவதற்குக் கணக்கே வேறு.

வரைபடத்தை விரித்தால் விஷயம் விளங்கும். மேற்கே மலைத்தொடர் சுவராக நிற்கிறது. அதில் இரண்டு இடத்தில் வாசல்: வடக்கே செங்கோட்டைக் கணவாய், தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த இரண்டு இடுக்கிலும் நெருக்கிக்கொண்டு பாயும். காற்றாலைக்காரர்களும் அந்த வாசல்களுக்கு நேராகத்தான் கூட்டமாக நட்டிருக்கிறார்கள். முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் ஒரு கூட்டம். சுரண்டை, ஆலங்குளம் இன்னொரு கூட்டம்.

இன்று பணகுடியிலிருந்து காற்றாலை ரோடுகள். இறக்கையைச் சுமந்து வரும் நீள லாரியும் கிரேனும் போக வேண்டும் என்பதால் அகலமாகப் போட்டு, வளைவுகளையும் விசாலமாக விட்டிருக்கிறார்கள். தார் கிடையாது, கெட்டித்த செம்மண் சரளை. கிராவல் சைக்கிளுக்கென்றே போட்ட மாதிரி ரோடு! ஆனால் மேற்கே திரும்பினால் போச்சு. சமதரையில் மிதிக்கிறேன், வேகம் பன்னிரண்டைத் தாண்டவில்லை. ஹேண்டிலின் வளைவைப் பிடித்துக் குனிந்துகொண்டால் கொஞ்சம் பரவாயில்லை. குறுக்குக் காற்று இன்னும் மோசம், தளர்ந்த சரளையில் முன்சக்கரத்தைப் பிடுங்கி ஓரத்துக்குத் தள்ளுகிறது. உயரமான ரிம் போட்ட சக்கரத்தை இங்கே கொண்டு வரவே வேண்டாம். டஸ்கனிக்காரர்கள் மலையேற்றத்தை மீட்டரில் சொல்லிப் பெருமைப்படுவார்கள். நமக்கு ஏற்றம் என்றால் ஜூன் மாதத்து மேற்குத் திசைதான்.

இந்த ரோடுகளில் சில, கம்பெனிகளுக்குச் சொந்தம். காவலாளியிடம் கேட்டுவிட்டுப் போவது மரியாதை. யாரும் இன்று மறுக்கவில்லை. ஒருவர் தண்ணீரும் கொடுத்தார்.

ஜூன் 15, ஞாயிறு

கிழக்கே திசையன்விளை, இட்டமொழி. பனங்காட்டுக்குள் விளைகளை, அதாவது வேலியடைத்த தோட்டங்களைச் சுற்றிப் போகும் வண்டிப்பாதைகள். முள்வேலிக்கு நடுவே ஓர் ஆள் அகலம்தான், ஒவ்வொரு திருப்பத்திலும் மணியடிக்க வேண்டியிருக்கிறது.

பதநீர் சீசன் முடியப் போகிறது, ஆனாலும் பதநீர் காய்ச்சும் குடிசையான ஒரு விடிலியில் புகை தெரிந்தது. பனையேறி அப்போதுதான் காலைப் பதநீரை இறக்கியிருந்தார். சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். "என்ன தம்பி, ஹேண்டிலு மாட்டுக் கொம்பு மாதிரில்லா இருக்கு!" பனையோலைப் பட்டை மடித்து ஊற்றிக் கொடுத்தார், உள்ளே நுங்கும் போட்டு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதால் பதநீர் புளிக்காது. தடவாமல் விட்டால் கள். கள்ளுக்கு இங்கே 1987 முதல் தடை, அதனால் இத்தாலிக்காரனின் ஒயினுக்கு ஈடாக நமக்கு வாய்த்தது பதநீர்தான். எனக்கு மிச்சம் நாற்பது கிலோமீட்டர் இருந்தது, சுண்ணாம்பே வாழ்க. பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை. வெள்ளிக் கவரில் விற்கிற ஜெல்லை இதற்கப்புறம் யார் வாங்குவார்? பைக்குள் சில்லுக்கருப்பட்டியும் கடலையும் போதும்.

காலையிலும் மாலையிலும் மரத்துக்கு மரம் ஏறி இறங்குகிறார் அந்த மனிதர். அவரிடம் போய் நான் ஓட்டிய தூரத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

அதன்பிறகு தேரி. காற்றே கொண்டுவந்து குவித்த செம்மணல், இரும்புத் துரு ஏறின சிவப்பு. 45 என்ன, எந்த டயரும் இதில் புதையும். காற்றை 25க்கு இறக்கிப் பார்த்தேன், கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு இறங்கித் தள்ளினேன். தேரிக்குள் நுழையாமல் ஓரத்துப் பாதையாகவே உவரிக்குப் போவது மேல். உவரி வரை முதுகில் காற்று. மிதிக்கவே இல்லை என்று சொன்னாலும் பொய்யில்லை.

ஜூன் 21, சனி

உவரிக்குப் போன சுகம் மண்டையில் உட்கார்ந்துகொண்டு விடவில்லை. இந்தச் சீமையில் மழைக்காலம் வரும்வரை மேற்கேயிருந்து கிழக்கே மட்டும் ஓட்டுவது என்று முடிவு. மேற்கே போவதற்குச் செங்கோட்டைப் பாசஞ்சர் இருக்கிறது. முன்சக்கரத்தைக் கழற்றிப் பையில் கட்டினால் ஏற்றிவிடலாம்.

தென்காசியில் இறங்கினால் பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலி வரை குளத்துக்கரையாகவே கோத்துவிடப் பார்க்கிறேன். ஒரு குளம் நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும், அது அதற்கடுத்ததுக்கு. தண்ணீர் போகிற சரிவும் கிழக்கே, காற்றும் கிழக்கே. தென்காசிப் பக்கம் சாரல் இருந்தால் கரை வழுக்கும், ஆனால் செம்மண் சக்கரத்தில் அப்பாது. கரிசல்தான் அப்பும், அது சங்கரன்கோவில் பக்கம். அதனால் வடக்கே ஒதுங்காமல் இருந்தால் சரி. மடைகளில் எங்கெங்கே சைக்கிளைத் தூக்கிக் கடக்க வேண்டும் என்று செயற்கைக்கோள் படத்தில் குறித்துக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலை முதல் வண்டி.