பல்லி பள்ளியாக மாறும் இடம்: எழுத்தாணி பிடிக்கும் முதல் ஆண்டு

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலில், தமிழ் ‘ல’ எழுத 1, 2, 3 ஆகிய புள்ளிகள். ‘ள’ எழுத 4, 5, 6. ஆறு புள்ளிக் கட்டத்தில் முன்னவை ஒரு பக்கம், பின்னவை மறுபக்கம். பக்கம் மாறிக் குத்தினால் பல்லி பள்ளியாகிவிடும். ‘ழ’வுக்கு 1-2-3-5-6, ‘ட’வுக்கு 2-3-4-5-6. இதுவும் பக்கம் மாறினால் பழம் படமாகும். இ – ஏ, எ – ஈ, ஓ – ஔ, த – ஊ, ங – உ என்று இப்படி ஒன்றுக்கொன்று பக்கம் மாறிய எழுத்துகள் வரிசையாக இருக்கின்றன. விடுதிப் பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரெயில் கற்பிக்கும் நாங்கள் முதல் ஆண்டில் திருத்தும் பிழைகளில் பெரும்பகுதி இந்தப் பட்டியலுக்குள்தான் வரும்.

காரணம் எழுதும் முறையில் இருக்கிறது. பிரெயில் சிலேட்டில் மேல் தகட்டில் ஜன்னல்கள், கீழ்த் தகட்டில் குழிகள், நடுவில் தாள். எழுத்தாணியால் குத்தும்போது புள்ளி தாளின் அடிப்பக்கம் எழும்பும். அதைப் படிக்கத் தாளைத் திருப்ப வேண்டும். அதனால் எழுதுவது வலமிருந்து இடமாக, படிப்பது இடமிருந்து வலமாக. இதை விளக்கப் போய்ப் பலரும், “படிக்கும்போது 1, 2, 3 இடப்பக்கம், எழுதும்போது வலப்பக்கம், எல்லாம் தலைகீழ்” என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். தன் உடம்பின் இடதையும் வலதையுமே இன்னும் உறுதியாக அறியாத ஆறு வயதுக் குழந்தை இதை எப்படிப் பிடித்துக்கொள்ளும்?

எங்கள் வகுப்பில் இடது, வலது இரண்டும் கிடையாது. ‘முதல் பக்கம்’, ‘இரண்டாம் பக்கம்’ மட்டும்தான். கை எந்தத் திசையில் நகர்கிறதோ அந்தத் திசையில் முதலில் தட்டுப்படுவது முதல் பக்கம், அதில் மேலிருந்து கீழாக 1, 2, 3. அடுத்துத் தட்டுப்படுவது இரண்டாம் பக்கம், 4, 5, 6. படிக்கும்போதும் இதே விதி, எழுதும்போதும் இதே விதி. குழந்தை எதையும் மனத்துக்குள் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு வழியிலும் கற்பித்துப் பார்த்த பிறகே சொல்கிறோம்: ‘தலைகீழ்’ என்ற சொல் ஒருமுறை குழந்தையின் காதில் விழுந்துவிட்டால் அதை அழிக்க மாதக்கணக்காகும்.

எழுத்துக்கு முன்னால் கை தயாராக வேண்டும். முதல் மூன்று வாரம் எழுத்தே சொல்லித்தருவதில்லை. கொண்டைக்கடலையையும் துவரம் பருப்பையும் கலந்து பிரிக்கக் கொடுக்கிறோம். அது கைவந்ததும் உளுந்தும் பச்சைப்பயறும். இவை இரண்டும் அளவில் நெருக்கமானவை என்பதால் விரல் மேல்தோலைத் தேடத் தொடங்கும். தாளில் ஒட்டிய நூலின் மேல் இரண்டு ஆட்காட்டி விரல்களையும் வைத்து விலகாமல் ஓட்டுவது அடுத்த பயிற்சி. வீட்டில் ஊட்டிவிட்டே வளர்ந்த பிள்ளைகளின் விரல்களில் வலு இருக்காது. அவர்களுக்கு விடுதியே பயிற்சிக்கூடம். தட்டைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டு, சோறு ஆறு மணி இடத்தில், பொரியல் பன்னிரண்டு மணி இடத்தில் என்று சொல்லிவிட்டால் தானே பிசைந்து சாப்பிடுவார்கள். துணியைத் தானே பிழிய வேண்டும், சட்டைப் பொத்தானைத் தானே போட வேண்டும். “பாவம், சின்னப் பிள்ளை” என்று விடுதிப் பணியாளர் பொத்தானைப் போட்டுவிடும் ஒவ்வொரு காலையும் வகுப்பில் ஒரு நாள் பின்தங்குகிறது. இதைப் பணியாளர்களிடம் அமர்ந்து பேசியாக வேண்டும், சுற்றறிக்கை போதாது.

ஆறு புள்ளியின் அமைப்பைக் காட்ட முட்டை அட்டையைவிட நல்ல கருவி இல்லை. உயரத்தில் மூன்று, அகலத்தில் இரண்டு குழி வரும்படி வெட்டிக்கொண்டு புளியங்கொட்டையைப் போடச் சொல்கிறோம். “முதல் பக்கம் மூன்றும்” என்றால் ல. அட்டையின் ஓரத்தில் ஒரு நூலைக் கட்டி, ‘கை இங்கிருந்து புறப்படுகிறது’ என்று அடையாளம் வைக்கிறோம். நூலை மறு ஓரத்துக்கு மாற்றிக் கட்டினால் முதல் பக்கமும் கூடவே மாறும். இதை விளையாட்டாகவே ஒரு வாரம் செய்த குழந்தை சிலேட்டுக்கு வரும்போது தடுமாறுவதில்லை.

இனி சிலேட்டு. நான்கு வரிச் சிறிய சிலேட்டில்தான் தொடங்குகிறோம். மூலைகளில் உள்ள நான்கு ஊசிமுனைகளில் தாள் பதிந்து நிற்கும். நான்கு வரி முடிந்ததும் தாளை மேலே நகர்த்தி, கீழ் ஊசிகள் போட்ட துளைகள் மேல் ஊசிகளில் விழும்படி பொருத்த வேண்டும். இந்த ஒன்றைப் பழக்காவிட்டால் அடுத்த வரிகள் சாய்ந்தோ, முந்தைய வரிமேல் ஏறியோ போகும். எழுத்தாணியின் குமிழ் உள்ளங்கையில் அழுந்தி நிற்க, ஆட்காட்டி விரல் அதன் மேல் வளைந்திருக்க வேண்டும். பேனா பிடிப்பதுபோலப் பிடித்தால் ஆணி சாயும், சாய்ந்தால் புள்ளி எழாமல் தாள் கிழியும். இடக்கை ஆட்காட்டி விரல் சும்மா இருக்கக் கூடாது, அடுத்த ஜன்னலில் உட்கார்ந்து ஆணிக்கு வழிகாட்ட வேண்டும். அது இல்லாத பிள்ளைதான் ஒரு கட்டத்தைத் தாவியோ, ஒரே கட்டத்தில் இருமுறை குத்தியோ எழுதும்.

ஆணியின் முனை மிகக் கூராக இருந்தாலும் தாள் ஓட்டையாகும். சிமெண்டுத் தரையில் லேசாகத் தேய்த்து மழுக்கினால் சரியாகிவிடும். பிரெயில் தாள் விலை கூடியது என்பதால் பயிற்சிக்குப் பழைய மாத நாட்காட்டித் தாள்களை வாங்கிச் சேர்க்கிறோம். பளபளப்பில்லாத, கெட்டியான தாள் நல்லது. பளபளப்புத் தாளில் வியர்த்த விரல் ஒட்டிக்கொண்டு நகராது. தவறாகக் குத்திய புள்ளியை நகத்தால் அழுத்தி மறைக்கலாம். ஆனால் அதே இடத்தில் மறுபடி குத்தினால் புள்ளி நிற்காது. தவறிய கட்டத்தில் ஆறு புள்ளியையும் குத்திவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகச் சொல்வதே நல்லது. அதுதான் பிரெயிலின் அடித்தல்.

பிழையை நாங்கள் பெரும்பாலும் காதால்தான் பிடிக்கிறோம். ‘அ’ ஒரு தட்டு, ‘க’ இரண்டு, ‘ல’ மூன்று, ‘ழ’ ஐந்து. ‘மலை’ என்று சொன்னால் மூன்று, மூன்று, இரண்டு என்று கேட்க வேண்டும். பெஞ்சு ஓரத்தில் ஒரு பிள்ளை மூன்று, நான்கு, இரண்டு என்று தட்டினால் அங்கே போய் நின்றுவிடலாம், தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை.

எழுத்துகளின் வரிசையைப் பற்றி. அச்சுத் தமிழில் 247 எழுத்துகள் இருந்தாலும் பிரெயிலில் 12 உயிர், 18 மெய், ஆய்தம், ஒற்றுக்குறி என 32 குறிகள் போதும். (கிரந்த எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் பின்னால் வரும்.) கொம்பு, கால் எதுவும் கிடையாது. ‘கொ’ என்பது ‘க’, அதன் பின் ‘ஒ’, அவ்வளவுதான். ஒலிக்கும் வரிசையிலேயே எழுதுவதால் பெற்றோரும் இதை எளிதில் கற்றுக்கொள்ளலாம். தடுக்கும் இடம் ஒன்றே ஒன்று: மெய்யெழுத்தின் புள்ளி அச்சில் தலைமேல் இருக்கும். பிரெயிலில் அது 4 என்ற தனிக் குறியாக எழுத்துக்கு முன்னால் வரும். அதைப் ‘புள்ளி’ என்று சொன்னால் வகுப்பு குழம்பிவிடும், அங்கே எல்லாமே புள்ளிதானே. அதனால் ‘ஒற்று’ என்கிறோம். ஓலையில் எழுதியவர்கள், ஓலை கிழியும் என்று மெய்க்குப் புள்ளி வைக்காமலே விட்டார்கள். அதே பெயருள்ள எழுத்தாணியைப் பிடிக்கும் எங்கள் பிள்ளைகளோ புள்ளி தவிர வேறெதையும் எழுதுவதில்லை.

இந்த ஒற்றின் காரணமாக ‘அம்மா’வை நாங்கள் முதல் சொல்லாக வைப்பதில்லை. ‘அ’வுக்கு 1, அடுத்து ஒற்றுக்கு 4. இரண்டும் ஒற்றைப் புள்ளி, ஒன்றின் பக்கம் மாறினால் மற்றது. முதல் வாரத்திலேயே பக்கம் குழப்ப இதைவிடச் சொல் கிடைக்காது. ‘பல’, ‘கலை’, ‘மலை’, ‘வலை’ என்று ஒற்றில்லாச் சொற்களில் தொடங்குகிறோம். ல நன்றாக விரலில் உட்கார்ந்து, குறைந்தது ஒரு மாதம் கடந்த பிறகே ள. ட பழகிய பிறகே ழ. பக்கம் மாறும் இணையில் இரண்டையும் ஒரே வாரத்தில் கற்பிப்பது பெரிய தவறு. அகரவரிசையில் போனால் இ, ஈ, எ, ஏ நான்கும் முதல் எட்டு எழுத்துக்குள்ளேயே வந்து நிற்கும். அகரவரிசையை வாயால் பாடட்டும், கைக்கு வேறு வரிசை.

எண்களில் இன்னொரு சிக்கல். எண்குறி 3-4-5-6, ‘ண’வும் அதே. தமிழ்ச் சொல் ண-வில் தொடங்காது என்பதால் தொடக்கத்தில் வந்தால் எண், நடுவில் வந்தால் ண என்று சொல்லிவிடலாம். எண்குறிக்குப் பின் அ 1 ஆகும், ச 3 ஆகும், ஏ 5 ஆகும், இ 9 ஆகும். 5-ஐயும் 9-ஐயும் மாற்றி எழுதும் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது ஏ–இ பிழை, எழுத்து வகுப்பில் தீர்க்க வேண்டியது. கணக்குக்கு டெய்லர் பலகையும் (எண் அச்சுகளைக் குழிகளில் செருகிக் கணக்குப் போடும் பலகை) மணிச்சட்டமும் தனியாக இருக்கின்றன. பார்வையற்றோருக்கான மணிச்சட்டத்தில் மணிகளுக்கு அடியில் மெத்தென்ற விரிப்பு இருக்கும், அதனால் விரல் பட்டதும் மணி நகராது. அது தேய்ந்துபோன சட்டத்தைக் கொடுத்துவிட்டு விடை தவறு என்று திட்டக் கூடாது.

படிப்பதில் கவனிக்க வேண்டியது அழுத்தம். விரலை அழுத்தத் தொடங்கினால் நுனி மரத்து, புள்ளி தெரியாது. தெரியாததால் இன்னும் அழுத்துவார்கள். எழுத்தின் மேலேயே விரலை மேலும் கீழும் தேய்க்கும் பழக்கமும் ஒட்டிக்கொண்டால் வேகம் வராது. வலக்கை வரியின் இறுதியை முடிக்கும்போது இடக்கை அடுத்த வரியின் தொடக்கத்தில் காத்திருக்க வேண்டும். குறைபார்வை உள்ள பிள்ளைகள் தாளில் மூக்கு படக் குனிந்து புள்ளியின் நிழலைக் கண்ணால் படித்துவிடுவார்கள். சரியாகத்தான் வாசிப்பார்கள், ஆனால் விரல் எதையும் கற்றிருக்காது. தாளின் மேல் ஒரு துண்டை விரித்து, துண்டுக்கு அடியில் கையை விடச் சொன்னால் போதும். பார்வை நிலையாக நிற்கும் பிள்ளைக்குப் பெரிய எழுத்து அச்சும் வேண்டும். விழித்திரை நோயால் பார்வை சுருங்கிக்கொண்டே போகும் பிள்ளைக்குப் பிரெயிலைத் தள்ளிப்போடக் கூடாது. எது எந்தப் பிள்ளை என்பதைக் கண் மருத்துவரின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு முடிவுசெய்ய வேண்டும்.

பிரெயில் புத்தகங்களை அலமாரியில் படுக்க வைத்து அடுக்கினால் அடியில் இருப்பவற்றின் புள்ளிகள் நசுங்கும். நிற்க வைக்க வேண்டும், நெருக்கித் திணிக்கக் கூடாது. மழைக்காலத்தில் ஈரமேறிய தாளில் புள்ளி சீக்கிரம் படிந்துவிடும். சாப்பிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கில் பக்கங்கள் ஒட்டும். விடுதியில் விளக்கை அணைத்த பிறகும் போர்வைக்குள் வைத்துப் படிப்பார்கள். தூக்கம் கெடாத அளவுக்கு நாங்கள் அதைத் தடுப்பதில்லை.

கைப்பேசி எல்லாவற்றையும் வாசித்துக் காட்டும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று பெற்றோர் கேட்கிறார்கள். பதில் பத்தாம் வகுப்புத் தேர்வில் கிடைக்கும். அங்கே பிள்ளை விடையைச் சொல்ல, ‘சொல்வதை எழுதுபவர்’ எழுதுவார். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும், மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். ஆனால் எழுதுபவருக்கும் எழுத்து தடுமாறலாம். காதால் மட்டுமே படித்த பிள்ளைக்கு ‘வலி’யில் எந்த ல, ‘வழி’யில் எந்த ழ என்று சொல்லத் தெரியாது. விரலால் படித்த பிள்ளை கேட்டதும் சொல்லும். அதனால் எட்டாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒரு நாள் ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதும் பயிற்சி வைக்கிறோம். ஐயமான சொல்லுக்கு எழுத்துக்கூட்டி, “காற்புள்ளி”, “புதுப் பத்தி” என்று வாயால் சொல்லி, பக்க முடிவில் எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தேர்வில் கிடைக்கும் அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தில் பாதி இந்தத் திரும்ப வாசிப்புக்கே போகும்.