கிரேடு 5 தியரிக்குப் படிப்பவர்களுக்கு: வீட்டுக் கீபோர்டைக் கணினியோடு இணைப்பது எப்படி

ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தில் கிரேடு 6 பிராக்டிகலுக்கு (வாசித்துக் காட்டும் தேர்வுக்கு) போகவேண்டுமானால், அதற்குமுன் கிரேடு 5 தியரியையோ அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் வேறொரு தேர்வையோ முடித்திருக்க வேண்டும். 2020 முதல் இந்தத் தியரித் தாள் கணினித் திரையில்தான் நடக்கிறது. மொத்தம் 75 மதிப்பெண். 50 எடுத்தால் தேர்ச்சி, 60 மெரிட், 65 டிஸ்டிங்ஷன். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டத்து ஊரிலிருந்து வாரம் ஒருமுறை ஈப்போவுக்கு வகுப்புக்குப் போய்வரும் பிள்ளைக்கு, மற்ற ஆறு நாளும் பக்கத்தில் ஆசிரியர் இல்லை. எழுதிய விடையை வாசித்துக் கேட்டுச் சரிபார்க்க வீட்டில் உள்ள கீபோர்டும் பழைய லேப்டாப்பும் போதும். இதற்கென்று புது மிடி கீபோர்டு (மிடி என்பது எந்தக் கட்டையை அழுத்தினோம் என்று கணினிக்குச் சொல்லும் முறை) வாங்குவது வீண் செலவு.

முதலில் கீபோர்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். 'யூஎஸ்பி டு ஹோஸ்ட்' என்று எழுதிய சதுரத் துளை இருந்தால் பிரிண்டருக்குப் போடும் அதே வயர்தான். டவுனில் கணினி சாமான் விற்கும் எந்தக் கடையிலும் சில வெள்ளிக்குக் கிடைக்கும். இரண்டு மீட்டர் போதும், ஐந்து மீட்டரைத் தாண்டக்கூடாது. காசியோ சிடி-எஸ்200 போன்றவற்றில் மைக்ரோ யூஎஸ்பி துளை இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: பழைய கைப்பேசி சார்ஜர் வயரைச் செருகுவார்கள், கணினி அசையாது. அந்த வயர்களில் பலவற்றில் மின்சாரம் போகும் கம்பி மட்டுமே உண்டு, டேட்டா கம்பி இல்லை. கீபோர்டைக் குறைசொல்லும் முன் வயரை மாற்றிப் பாருங்கள். யமஹா பிஎஸ்ஆர்-எஃப்51 போல யூஎஸ்பியும் மிடியும் இல்லாத மாடல் என்றால் இந்த வழி எடுபடாது. வேறு கீபோர்டு இரவல் வாங்குவதுதான் வழி.

செகண்ட்ஹேண்டில் கிடைக்கும் பழைய கீபோர்டுகளில் ஐந்து ஊசி கொண்ட வட்ட மிடி துளைகள் இருக்கும். அதற்கு யூஎஸ்பி-மிடி வயர் வேண்டும். ஷாப்பி இணையக் கடையில் மலிவு விலையில் நிறைய உண்டு. 'இன்' என்று எழுதிய தலையைக் கீபோர்டின் 'அவுட்'டில் செருகவேண்டும். பெயரைப் பார்த்து 'இன்'னோடு 'இன்' சேர்த்தால் சத்தமே வராது. சில வயர்களில் எந்தத் துளையில் செருகவேண்டுமோ அதன் பெயரையே போட்டிருப்பார்கள், ஆகவே வரவில்லை என்றால் தலைகளை மாற்றிப் பாருங்கள், எதுவும் கெட்டுப்போகாது. யாரும் வாசிக்காதபோதே வயரிலுள்ள சின்ன விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் பயப்படவேண்டாம். 'நான் இன்னும் இணைப்பில் இருக்கிறேன்' என்று சில கீபோர்டுகள் நொடிக்குச் சில தடவை அனுப்பும் செய்தி அது. மலிவு வயரில் வரும் உண்மையான தொல்லை வேறு: வேகமாக வாசித்தால் சில ஸ்வரம் விழாது, அல்லது ஒரு ஸ்வரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். தியரிப் பயிற்சிக்கு ஒவ்வொரு ஸ்வரமாகத்தான் அழுத்தப்போகிறோம், சமாளிக்கலாம்.

மென்பொருளுக்கு, ஸ்வரங்களைத் திரையில் எழுதிக் காட்டும் மியூஸ்ஸ்கோர் போதும், இலவசம். 64 பிட் விண்டோஸ் 10 கூட இல்லாத பழைய லேப்டாப்பில் அதன் 4ஆம் பதிப்பு ஓடாது, 3ஆம் பதிப்பைப் போடுங்கள். கீபோர்டை ஆன் செய்துவிட்டு அப்புறம்தான் மென்பொருளைத் திறக்கவேண்டும். பழைய யமஹா மாடலென்றால் அதன் யூஎஸ்பி-மிடி டிரைவரையும் (கணினிக்குக் கீபோர்டை அடையாளம் காட்டும் சிறு மென்பொருள்) முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். அப்படியும் மென்பொருளின் மிடி அமைப்பில் கீபோர்டின் பெயர் வராவிட்டால், வேறு இசை மென்பொருள் எதுவும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் பெரும்பாலும் ஒரு மிடி இணைப்பை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்துக்கொள்ளும். கீபோர்டும் கணினியும் சேர்ந்து ஒலித்து ஒரே ஸ்வரம் இரட்டையாக, எதிரொலிபோலக் கேட்டால் கீபோர்டின் ஃபங்ஷன் பட்டியலில் 'லோக்கல்' என்பதை ஆஃப் செய்யுங்கள். அது இல்லாத மாடலில் கீபோர்டின் வால்யூமைக் குறைத்தாலே போதும். மத்தியானம் இடி இடிக்கத் தொடங்கினால் அடாப்டரோடு யூஎஸ்பி வயரையும் பிடுங்கிவிடுங்கள். மின்னல் எந்த வழியாக வந்தாலும், இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டும் போகும்.

இனி முக்கியமான விஷயம். மிடி அனுப்புவது வெறும் எண். மிடில் சி என்றால் 60. அதற்குமேல் மூன்றாவது கட்டை 63. அது டி ஷார்ப்பா, ஈ பிளாட்டா என்று கீபோர்டுக்குத் தெரியாது. தேர்விலோ அந்தப் பெயருக்குத்தான் மதிப்பெண்: சி-யிலிருந்து ஈ பிளாட் மைனர் தேர்ட், சி-யிலிருந்து டி ஷார்ப் ஆக்மென்டட் செகண்ட். காதுக்கு இரண்டும் ஒன்றே. மியூஸ்ஸ்கோர் கீ சிக்னேச்சரைப் பார்த்து ஊகித்து எழுதுகிறது, ஆகவே ஸ்வரம் போடும் முன் கீ சிக்னேச்சரைப் போட்டுவிடுங்கள். அப்போதும் நம்பிவிடாதீர்கள். ஜி ஷார்ப் மைனர் ஹார்மோனிக் ஸ்கேலில் ஏழாவது ஸ்வரம் எஃப் டபுள் ஷார்ப், கட்டையோ ஜி. திரையில் ஜி நேச்சுரல் வந்தால் அந்த ஸ்வரத்தைத் தேர்ந்து ஜே விசையை அழுத்தி மாற்றுங்கள். எதை மாற்றவேண்டும் என்று தெரிந்து மாற்றுகிற பிள்ளைக்கு அந்தக் கேள்வி கைவந்துவிட்டது.

டிரான்ஸ்போசிங் கேள்விக்கு (மெட்டை வேறு கீயில் மாற்றி எழுதும் கேள்விக்கு) இந்த இணைப்பு தரும் உதவி வேறெதிலும் கிடைக்காது. மியூஸ்ஸ்கோரில் பி பிளாட் கிளாரினெட்டைத் தேர்ந்து, உண்மையில் ஒலிக்கும் ஸ்வரத்தைக் காட்டும் 'கான்சர்ட் பிட்ச்' பொத்தானை முதலில் ஆன் செய்யுங்கள். ஸ்வரம் போடுவதற்கான 'என்' (N) விசையை அழுத்தி, குரோச்செட்டுக்கு 5, குவேவருக்கு 4 என்று கால அளவு கொடுத்து, நான்கு பார் மெட்டைக் கீபோர்டில் போடுங்கள். இப்போது தாளில் விடையை எழுதவேண்டும்: எல்லாம் ஒரு டோன் மேலே, கீ சிக்னேச்சரும் சேர்ந்து மாறும். எழுதி முடித்தபின் பொத்தானை ஆஃப் செய்தால் திரையில் சரியான விடை நிற்கும். ஏ கிளாரினெட்டுக்கு மைனர் தேர்ட் மேலே, எஃப் ஹார்னுக்கு பெர்ஃபெக்ட் ஃபிஃப்த் மேலே. கருவியை மாற்றி அதே மெட்டைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். தாளுக்கு முன் திரையைப் பார்க்கும் பிள்ளைக்கு இந்தப் பயிற்சியால் ஒரு பயனும் இல்லை; பக்கத்தில் பெரியவர் யாராவது உட்கார்ந்து பொத்தானைத் தம் கையில் வைத்துக்கொள்ளலாம்.