கட்டுரைக் கட்டணக் கணக்கைத் தேடி மூன்று மாதம்

யாரும் காசில்லாமல் படிக்கலாம் என்ற திறந்த அணுகல் இதழ்களில் கட்டுரை வெளியிட, ஆசிரியரிடம் வாங்கும் கட்டுரைக் கட்டணமாக (ஏபிசி) ஐந்து வருடத்தில் அரசுப் பணம் எவ்வளவு போனது, அதற்குப் பலன் என்ன என்று எங்கள் கல்லூரியில் ஓர் அறிக்கை கேட்டார்கள். நான் புதுச்சேரியில் கல்லூரி நூலகர். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று மாதம் இழுத்தது.

முதலில் கணக்குப் பிரிவுக்குப் போனதுதான் நான் செய்த தப்பு. "ஏபிசின்னு ஒரு ஹெட்டே இல்லையே மேடம்" என்றார் அங்கிருந்தவர். ஹெட் என்றால் கணக்குத் தலைப்பு. அது உண்மைதான். அந்தப் பணம் ஆராய்ச்சித் திட்டங்களின் கண்டின்ஜென்சி என்ற சில்லறைச் செலவுத் தலைப்பில் ஜெராக்ஸ், கண்ணாடிக் குடுவைச் செலவோடு கலந்து கிடந்தது. நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்பும் பயன்பாட்டுச் சான்றிதழிலும் மொத்தத் தொகை மட்டுமே. வவுச்சரைப் பார்க்க வேண்டும் என்றேன். எழுதிக் கொடுங்கள் என்றார், கொடுத்தேன். கல்லூரி முதல்வர் கையெழுத்து வேண்டும் என்றார், வாங்கி வந்தேன். அதற்குள் கணக்குப் பிரிவுக்காரர் ஒரு வாரம் லீவில் போயிருந்தார்.

திரும்பி வந்தவர் தரைத்தளக் கிடங்கைத் திறந்து காட்டினார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அந்தத் தண்ணீர் இங்கேயும் நின்றிருக்கிறது. இரண்டு வருட வவுச்சர்கள் ஒட்டிப் பிடித்துக் கட்டியாகிக் கிடந்தன. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு மூன்று வாரம் மிச்சம். அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் வழியை மாற்றினேன். இந்த வேலை உங்கள் தலையில் விழுந்தால் கணக்கிலிருந்து தொடங்காதீர்கள், கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். டிஓஐ, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் இருக்கும் தனி அடையாள எண், அதன் பட்டியல் எடுத்து, ஒவ்வொரு கட்டுரையின் கடைசியில் இருக்கும் நன்றிப் பகுதியைப் படியுங்கள். திட்ட எண் அங்கே இருக்கும். இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் தொடர்பு ஆசிரியர் நம் ஆளா என்று பாருங்கள். வேறு ஊர்க்காரர் என்றால் பெரும்பாலும் கட்டணம் அவர்கள் பக்கம் கட்டியிருப்பார்கள். முழுத் திறந்த இதழா, சில கட்டுரைகள் மட்டும் திறந்து மற்றவை சந்தாவுக்கு இருக்கும் கலப்பு இதழா என்று தனிக் கட்டம் போடுங்கள். கலப்பு இதழ் என்றால் ஒரே இதழுக்கு நூலகச் சந்தாவும் போகிறது, கட்டுரைக் கட்டணமும் போகிறது. எங்கள் கல்லூரியிலும் அப்படிச் சில கிடைத்தன.

மனதை அறுத்தது வேறொன்று. ஒரு உதவிப் பேராசிரியை கணவரின் கார்டில் டாலரில் கட்டியிருக்கிறார். இன்வாய்ஸ் ஒரு பெயரில், கார்டு வேறு பெயரில் இருக்கிறது என்று பில் திரும்பிவிட்டது. அரசுக் கணக்கில் அந்தக் கட்டுரைக்குச் செலவு பூஜ்யம். இப்படிச் சொந்தக் காசு போட்டவர்களை நேரில் கேட்காமல் எந்த மதிப்பீடும் முழுமையாகாது.

மத்திய அரசின் உயிரி தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலேயே, தங்கள் நிதியில் எழுதிய கட்டுரையின் இதழ் ஏற்றுக்கொண்ட பிரதியை யாரும் படிக்கக்கூடிய இணையக் களஞ்சியத்தில் போடச் சொல்லிவிட்டன. அதற்குக் கட்டணம் கிடையாது. எங்கள் பட்டியலில் அப்படிப் போட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அறிக்கையில் இதைத்தான் முதல் பக்கத்தில் வைத்தேன். புயலுக்கு ஐந்து நாள் முன்பு, நவம்பர் 25 அன்று, மத்திய அமைச்சரவை, கல்வி நிறுவனங்கள் ஆய்விதழ்களைப் படிக்க அரசே சந்தா கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு 2025 முதல் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. படிக்க அவ்வளவு பணம் போகும்போது, வெளியிடப் போகும் பணத்துக்கும் ஒரு கணக்கு வேண்டாமா?

நனைந்த இரண்டு வருடத்துக்கு 'கணக்கு முழுமையல்ல' என்று எழுதியே கொடுத்தேன். ஊகித்து எண் போடச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். தனி ஹெட் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. ஆனால் பில் பதிவேட்டில் டிஓஐ-க்கு ஒரு கட்டம் வந்துவிட்டது. போன வாரம் அதே கணக்குப் பிரிவிலிருந்து போன். "மேடம், டிஓஐ இல்லாம ஒரு பில் வந்திருக்கு, திருப்பி அனுப்பட்டுமா?"

வேண்டாம், கட்டுரை எழுதியவரிடம் கேட்டு நானே எழுதித் தருகிறேன் என்றேன்.